மெட்டும் மேடையும்: மீனாட்சி அம்மாளும் மலையகத்தின் இசை வரலாறும்

கார்ல் மார்க்ஸ் 1857-58 ஆண்டுகளில் எழுதிய பொருளியற் கையெழுத்துப் படிகளிலே பியானோ பற்றிய சிறு குறிப்பொன்று உண்டு. பியானோவைச் செய்யும் தொழிலாளி மூலதனத்தின் கண்ணில் உற்பத்தி உழைப்பாளி. அதனை வாசிக்கும் கலைஞன் அவ்வாறல்லன் என்பது அக்குறிப்பின் சாரம். பின்னர் மிகைமதிப்புக் கோட்பாடுகளை ஆராயுமிடத்து, தன் பாட்டைத் தானே விற்கும் பாடகியும், முதலாளியொருவனால் அமர்த்தப்பட்டு அவனுக்கு இலாபமீட்டிக் கொடுக்கும் பாடகியும் பாடுவது ஒரே பாட்டேயாயினும், பொருளியல் நிலையில் அவ்விருவரும் வேறு வேறானவர் என அவர் விளக்குகிறார். இவை கலையின் தரம் பற்றிய தீர்ப்புக்கள் அல்ல. கலைஞர் எத்தகைய உறவுகளுள் நின்று தொழிற்படுகின்றனர் என்பது பற்றியன. இவ்விரு பாடகியருள்ளும் அடங்காத மூன்றாமொருவரைப் பற்றியே இக்கட்டுரையிற் கூற முனைகிறோம். அவர் தமது பாட்டை எவருக்கும் விற்றவரல்லர். எவரது கூலிக்கும் பாடியவரல்லர். உழைப்பை விலைக்கு வாங்கிய ஒரு பெரும் அமைப்புக்கு எதிராக, அவ்வமைப்பின் நடுவே நின்று, தாமே பாட்டுக்கட்டித் தாமே பாடினார். ஹற்றனை நிலைக்களனாகக் கொண்டு இயங்கிய மீனாட்சி அம்மாளே அவர்.

இசையை ஆக்குபவரும் அதனை அவையில் நிகழ்த்துபவரும் ஒருவராயிருத்தல் உலகெங்கும் பழைய வழக்கம். நமது பாணர் மரபை வீரயுகத்தின் சமுதாய அமைப்போடு பொருத்தி விளக்கிய கைலாசபதி அவர்களின் 1968ஆம் ஆண்டு ஆங்கில நூலைக் கற்றோருக்கு இது புதிதன்று. ஐரோப்பாவில் இம்மரபு பியானோவைச் சுற்றிப் புதுவடிவம் பெற்றது. அரசவையின் ஆதரவிலிருந்து விடுபட்ட கலைஞன், நுழைவுச்சீட்டு வாங்கிவரும் நடுத்தர வகுப்பினரை நம்பவேண்டியவனானான். பிரான்ஸ் லிஸ்ற் 1839இல் ரோமாபுரியில் துணைக்கலைஞரின்றித் தனியே மேடையேறியதும், மறு ஆண்டு இலண்டனில் அத்தகைய நிகழ்ச்சிக்கெனத் தனிப்பெயரே வழங்கலாயிற்று என்பதும் இசை வரலாறு கூறுவன. அச்சிட்ட இசைக்குறிப்புகள், கச்சேரி மண்டபம், இசைக் கல்லூரி, பத்திரிகை விமர்சனம், பின்னர் இசைத்தட்டு ஆகிய இவ்வைந்துமே ஒருவரது முயற்சியை 'இசைவாழ்க்கை' என்று பெயரிட்டு அழைக்கும் தகுதியை வழங்கின. இன்றும் நிலைமை பெரிதும் மாறவில்லை. இலங்கையிலிருந்து சென்று பிரித்தானியாவில் இயங்கும் தான்யா ஏக்கநாயக்க தமது ஆக்கங்களைத் தாமே பியானோவில் வாசிப்பவர். இந்நாட்டு வண்ணங்களையும் மெட்டுக்களையும் அவற்றில் இழைப்பவர். 2015 முதல் அவரது ஆக்கங்கள் இசைத்தட்டுக்களாக வெளிவந்துள்ளன. அவருடைய இசைவாழ்க்கையை நாளைய ஆய்வாளர் ஆண்டுவாரியாக எழுதலாம், எல்லாம் பதிவாகியிருக்கிறது. இது அவர்மீதான குறையன்று. மீனாட்சி அம்மாள் விடயத்தில் இவற்றுள் ஒன்றுமே பதிவாகவில்லை என்பதுதான் நம் முன்னுள்ள பிரச்சினை.

மலைநாட்டிலும் பியானோ இல்லாமற் போகவில்லை. புகையிரதம் 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. இரசாயன உரமும் இயந்திரமும் வந்த அதே பாதையால் துரைமாரின் பங்களாக்களுக்கும் கிளப்புகளுக்கும் பியானோவும் வந்தது. ஏறத்தாழ 200 கிலோகிராம் எடையுள்ள அப்பேழையை நிலையத்திலிருந்து மலைமேலுள்ள பங்களாவுக்குச் சேர்ப்பிக்க மாட்டுவண்டியும் மனிதத் தோளுமே சாதனங்கள். ஈரக்காற்றுக்கு ஒட்டுப் பசை விட்டுப்போகுமென்பதால், வெப்பமண்டலக் குடியேற்றங்களுக்கென்றே பித்தளைத் திருகாணி பூட்டிய பியானோக்களை ஐரோப்பிய உற்பத்தியாளர் செய்தனுப்பினர். பேரரசு எவ்வளவு நுணுக்கமாகத் தனது ஓய்வு நேரத்தையும் திட்டமிட்டது என்பதற்கு இத்திருகாணி ஒன்றே சான்று. இவ்விசை லயங்களுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும், ஆயா வேலைக்கும் சமையல் வேலைக்கும் பங்களாவுக்குச் சென்றவர் காதில் மட்டுமே விழுந்திருக்கும். மேலைநாட்டு விசைப்பலகைகளுள் தமிழ் மக்களிடம் வந்துசேர்ந்தது பியானோ அன்று, ஆர்மோனியமே. நாடகக் குழுக்கள் தலையிற் சுமந்துசெல்லக்கூடிய, விலை குறைந்த, பழுதானால் ஊர்த்தச்சன் கையால் திருத்தக்கூடிய கருவி அது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தனது நிலையங்களிலிருந்து விலக்கிவைத்தது. 1971 வரை அத்தடை நீடித்தது. சாஸ்திரிய சங்கீதத்தின் தூய்மை பேசியவர்கள் விலக்கிய கருவியே பாமர மேடையின் உயிராயிருந்தது என்பதை இங்கு போகிற போக்கிற் குறித்து வைக்கிறோம்.

தோட்டத்தின் சொந்த இசைக்கருவியோ தப்பு. இதன் பணிகள் இரட்டைத் தன்மையுடையன. விடியுமுன் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்புத்தான்; மாசி மாதத்துக் காமன் கூத்திலே ரதி மன்மதனை ஆடவைத்ததும், இறந்தவரைச் சுடலைக்கு அனுப்பிவைத்ததும் அதே தப்புத்தான். ஒரே தோற்கருவி உழைப்புக் கட்டுப்பாட்டின் சாதனமாகவும் கூட்டு வாழ்வின் குரலாகவும் அமைந்தது. தொழிலும் இசையும் ஒருகாலத்தில் பிரியாதிருந்தன என்று ஜோர்ஜ் தொம்சன் போன்றோர் விளக்குவர். பெருந்தோட்டத்தில் அவை மீண்டும் ஒன்றிணைந்தன. ஆனால் இம்முறை இணைத்தவன் கங்காணி. கொழுந்தெடுக்கும் மலையிலே தெம்மாங்கும், லயத்துக் காம்பராவிலே தாலாட்டும், இழவு வீட்டிலே ஒப்பாரியும் வழங்கின. இவற்றிலே துரையையும் கங்காணியையும் பழிக்கும் அடிகள் உண்டு. எனினும் அப்பழிப்பு, பாடுவோர் வட்டத்தினுள்ளேயே அடங்கிற்று. தோட்ட எல்லையைக் கடந்து, பல தோட்டத்தாரை ஒருங்கே விளித்து, இன்னது செய்க என்று கூறும் பாட்டு அதுவரை தோன்றவில்லை. அதற்கு மேடை வேண்டும். மேடைக்குச் சங்கம் வேண்டும்.

அச்சங்கத்தின் வரலாறு ஓரளவு அறியப்பட்டதே. தஞ்சை மாவட்டத்தவரான கோ. நடேசய்யர் (1887-1947) இந்நாட்டுக்கு வந்து, தோட்டத்தினுள் அந்நியர் நுழைதல் குற்றமாயிருந்த நாளில் புடவை வியாபாரி வேடந்தரித்து உட்புகுந்து, தொழிலாளர் நிலையை நேரிற் கண்டார் என்பது மலையகம் எங்கும் வழங்கும் செய்தி. 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1925இல் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்திலே துணைத் தலைவராக இருந்து, குணசிங்கா இந்தியத் தொழிலாளர் எதிர்ப்பை நோக்கிச் சாயத் தொடங்கியபோது பிரிந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இவ்வளவும் நடேசய்யரின் பெயரிலே நூல்களில் உள்ளன. அவர் துணைவியார் மீனாட்சி அம்மாளின் பெயர் அவற்றிலே பெரும்பாலும் ஓர் அடைமொழியாகவே வருகிறது. பத்திரிகைப் பணியில் அவர் பங்குகொண்டதும், பெண்கள் நிலை குறித்து எழுதியதும், கூட்டந்தோறும் பாடியதும் கணவரது வரலாற்றின் கிளைச் செய்திகளாக அமைந்துவிட்டன. இவ்விருவர் பற்றிய தரவுகளைத் தேடித் தொகுத்து, 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நூலைத் தந்த சாரல் நாடனுக்கு மலையக ஆய்வுலகம் கடன்பட்டுள்ளது. பல்கலைக்கழகங்கள் செய்யாததை அவர் தோட்டத்திலிருந்தே செய்தார். நாமும் நமது மாணவப் பருவத்தில், கூட்டத்திற் பாடப்பட்டதைப் 'பிரசாரம்' என ஒதுக்கி, ஏட்டில் இருந்ததையே 'கவிதை' எனப் பயின்றவர்கள்தாம்.

மீனாட்சி அம்மாளின் மேடை எத்தகையது? கூட்டம் தோட்டத்தினுள் நடத்தப்பட முடியாது. துரையின் அனுமதி வேண்டும். ஆகவே கடைவீதியிலும், தெருவோரத்திலும், தோட்ட எல்லைக்கு வெளியேயும் மக்கள் கூடினர். ஒலிபெருக்கி பரவாத காலம். கூட்டத்துக்கு வந்தவன் என்று கணக்கப்பிள்ளை எழுதிவைத்தால், மறுநாள் பெயர் வெட்டப்பட்டுப் பற்றுச்சீட்டுடன் தோட்டத்தை விட்டு வெளியேற நேரும். வீடு என்பது தோட்டத்து லயமே ஆதலால், வேலை போனால் குடியிருப்பும் போகும். இத்தகைய அவையை முதலிற் கூட்டுவதற்கும், அச்சந்தெளிவித்து உட்காரவைப்பதற்கும் பேச்சைவிடப் பாட்டே தேவைப்பட்டது. மீனாட்சி அம்மாள் பாரதி பாடல்களைப் பாடிக் கூட்டத்தைத் தொடக்கிவைப்பார் என்பது அக்காலத்தைக் கண்டோர் விட்டுச்சென்ற செய்தி. பாரதி பாடல்கள் 1928இல் சென்னை அரசாங்கத்தாற் பறிமுதல் செய்யப்பட்டவை என்பதை நினைவிற்கொண்டால், இத்தேர்வின் அரசியல் விளங்கும். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி இரங்கிப் பாடியதைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் தமக்கெனவே பாடியதாகக் கேட்டிருத்தல் கூடும்.

இவ்விடத்திற் பெண் என்ற கூறும் மனங்கொளத்தக்கது. குறைந்தபட்ச வேதனச் சட்டம் 1927இல் நிறைவேறி, 1929இல் கூலிவிகிதங்கள் நிர்ணயிக்கப்பட்டபோது, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் எனக் குறிக்கப்பட்டன. தேயிலையின் செல்வம் முழுதும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல்நுனியில் தொடங்குவது. அவ்விரலுக்கே கூலி குறைவு. சங்கமோ அன்று ஆண்களின் களம். அக்களத்தில் ஒரு பெண் எழுந்து நின்று, ஒப்பாரியாகவோ தாலாட்டாகவோ அன்றி, கோரிக்கையாகப் பாடுதல் என்பது கொழுந்துக்கூடையோடு வந்து நின்றவர்களுக்கு எத்தகைய அனுபவமாயிருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கவே இயலும். நடேசய்யர் 'அந்தரப் பிழைப்பு நாடகம்' என்ற ஆக்கத்திலே பாட்டையும் உரையாடலையும் கருவியாகக் கொண்டமையும், குடும்பமாகவே அவர்கள் கலையின் பயனை உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டும்.

1939ஆம் ஆண்டு நெருக்கடியின் ஆண்டு. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்குவதென அமைச்சர் சபை முடிவுசெய்தது. அதற்கு எதிர்வினையாக இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதைத் தடைசெய்தது. யூலை மாதத்தில் நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். சமசமாஜிகளின் தலைமையில் ஊவாவரை வேலைநிறுத்தங்கள் பரவின. இப்பின்னணியிலேதான், 1940இல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் மீனாட்சி அம்மாளின் பாட்டுப் புத்தகம் வெளிவந்தது.

தலைப்பைக் கண்டே முகஞ்சுளித்த முற்போக்காளர் உண்டு. 'தொழிலாளரது' என்னாமல் 'இந்தியர்களது' என்றமை இனவாதச் சாய்வல்லவா என்பது அவர்தம் வினா. இவ்வினாவை நாம் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. சிங்களத் தொழிலாளரை நோக்கிய அறைகூவலிலும் பார்க்க, இந்தியருக்கு இழைக்கப்படும் அநீதி பற்றிய முறைப்பாடே அந்நூலின் முதற்பொருள் என்பது உண்மை. தோட்டத் தொழிலாளியோடு இந்திய வணிகனையும் ஒரே 'இந்தியர்' என்ற சொல்லுள் அடக்கும் ஆபத்தும் அதில் உண்டு. ஆயினும் வரலாற்றுப் பொருள்முதல்வாதம் சொல்லை அதன் காலத்தில் வைத்து நோக்கும். வேலைநீக்கப் பட்டியல் வர்க்கத்தின் பேரால் எழுதப்படவில்லை. 'இந்தியன்' என்ற பேராலேயே எழுதப்பட்டது. எட்டு ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அதே பேராலேயே பெருந்தொகையான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஒரு வர்க்கம் எந்தப் பெயரால் தாக்கப்படுகிறதோ அந்தப் பெயரால் முதலில் விழித்தெழுதல் இயல்பு. அந்த அடியை 1940இலேயே முன்னுணர்ந்து பாடியவரை, சொற்பிழை கூறித் தள்ளிவைத்தோர், 1948இல் அச்சட்டம் வந்தபோது எவ்வளவு வலுவான வெகுசன எதிர்ப்பைக் கட்டியெழுப்பினர் என்று திருப்பிக் கேட்கலாம். இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் அதனை எதிர்த்து வாக்களித்தது பெருமைக்குரியதே. வாக்களிப்போடு அது நின்றுபோனதும் நாம் மறைக்கவேண்டியதன்று.

இனி இசைக்கு வருவோம். அக்காலப் பாட்டுப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தால் சுரக்குறிப்பு இராது. பாட்டின் தலையில், இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி மட்டும் இருக்கும். நாடகமேடையிலும் கிராமபோன் தட்டிலும், 1931இல் 'காளிதாஸ்' வந்தபின் பேசும்படத்திலும் மக்கள் கேட்டுப் பழகிய மெட்டுக்கள் அவை. மீனாட்சி அம்மாளின் ஆக்கங்களும் இம்மரபைச் சார்ந்தனவே. 'இரவல் மெட்டு' என்று சங்கீத வித்துவான்கள் இதனை இகழ்வர். பியானோக் கலைஞனின் இசைக்குறிப்பேடு, அவ்விசையை ஒருபோதும் கேட்டிராத ஒருவன் வேறொரு நாட்டில், நூறாண்டு கழித்து வாசிப்பதற்கென எழுதப்படுவது. வாசிக்கத் தெரிந்தவன் அருகிலில்லை என்பதே அதன் அடிப்படை. மெட்டு வரியோ, பாட்டு ஏற்கனவே கேட்போர் நெஞ்சில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்படுவது. எழுத்தறியாத ஆயிரம்பேர் ஒருமுறை கேட்டவுடன் இரண்டாமுறை சேர்ந்து பாடவேண்டுமாயின், புதிய இராகம் பயன்படாது. தெரிந்த மெட்டில் தெரியாத சொல்லை ஏற்றுவதே வழி. காதற் பாட்டின் மெட்டிலே கூலிக்குறைப்பைக் கேட்பவன், பழைய சொல்லையும் புதிய சொல்லையும் ஒருங்கே கேட்கிறான். அம்முரண்பாட்டிலே எள்ளலும் சினமும் பிறக்கின்றன. இதனைத் திறமைக் குறைவாகக் கருதுவது, பியானோவின் அளவுகோலால் தப்பை அளப்பதாகும்.

ஆனால் இம்முறைக்கு ஒரு விலை இருந்தது. நெஞ்சில் மெட்டு இருந்த தலைமுறை மறைந்ததும், புத்தகத்திலுள்ளது வெறுஞ் சொல்லாகிவிடும். மீனாட்சி அம்மாளை நாம் இன்று 'மலையகத்தின் முதற் பெண் கவிஞர்' என்று போற்றுகிறோம். பாடகி என்றோ இசையாக்குநர் என்றோ கூறுவாரில்லை. குரல் போய்விட்டது, எழுத்து எஞ்சியது, எஞ்சியதைக் கொண்டே பட்டம் சூட்டிவிட்டோம்.

இவ்வகையில் ஹங்கேரியரான பேலா பார்ட்டோக்கின் (1881-1945) முயற்சி நமக்குப் படிப்பினை தருவது. அவரும் இசையாக்குநர்; மேடைப் பியானோக் கலைஞர்; புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் 1907 முதல் பியானோ கற்பித்தவர். ஆயினும் 1906 அளவிலிருந்து, கோடாயுடன் சேர்ந்து, எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு குடியானவர் குடிசைகளுக்குச் சென்றார். மெழுகு உருளையிற் பதிந்த பாட்டை மீண்டும் மீண்டும் கேட்டு, இழைவும் நடுக்கமும் உட்படச் சுரப்படுத்தினார். அவரது ஆக்கங்களின் புதுமைக்கு அக்குடியானவர் பாடல்களே ஊற்று. மலையகத்தில் ஒப்பான பணியைத் தொடங்கியவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984). பூண்டுலோயாவுக்கு அண்மையிலுள்ள மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, ஆங்கிலத்திலே தேயிலைத் தோட்டத்தைக் கவிதையாக்கிய அவர், தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களைப் பல்லாண்டு தேடிச் சேர்த்தார். அவை அவரது மறைவுக்குப் பின் 1987இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாயின. அரிய தொகுப்பு, எனினும் அதுவும் சொற்களின் தொகுப்பே. சி. வி.யிடம் கருவியில்லை; கருவி வைத்திருந்த நிறுவனங்களுக்குத் தோட்டத்தில் அக்கறையில்லை. பார்ட்டோக்குக்குப் பின்னால் ஒரு தேசமும் அதன் கல்லூரியும் நின்றன. சி. வி.க்குப் பின்னால் நின்றவர்களோ வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்கள்.

அம்மக்களும் ஓரிடத்தில் நிலைக்க விடப்படவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. உறவினரைப் பிரித்துத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. புகையிரதத்துக்கு ஒரு பாட்டுவகையின் பெயரைச் சூட்டிய மக்கள் வேறெங்கும் உளரோ என நாம் அறியோம். கோச்சியிற் சென்றவர்களுள் பலர் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலை மலைகளுக்கே வந்துசேர்ந்தனர். 1940இல் ஹற்றன் கடைவீதியிற் கேட்ட பாட்டு, இவ்வாறு கேட்டவரின் பிள்ளைகளோடு கடல் கடந்திருக்கிறது.

எனவே மீனாட்சி அம்மாளின் இசையை மீட்கும் பணி இரு கரையிலும் செய்யப்படவேண்டியது. பழைய பாட்டுப் புத்தகங்களின் மெட்டு வரிகளை ஒருபுறம் நிரற்படுத்தி, அவை சுட்டும் நாடக, திரைப்பாடல்களின் இசைத்தட்டுக்களை மறுபுறம் தேடிச் சேர்த்து, இரண்டையும் பொருத்திப் பார்த்தால் மெட்டுக்களிற் கணிசமானவற்றை மீட்கலாம். எழுபது, எண்பது வயதைத் தாண்டிய பெண்கள் டிக்கோயாவிலும் கூடலூரிலும் இன்னும் இருக்கின்றனர். தாய்மாரிடம் கேட்ட பாட்டை அவர்கள் எந்த இழுவையில், எந்த நிறுத்தத்தில் பாடுகின்றனர் என்பது பதிவாகவேண்டும். அதற்குச் சுரப்படுத்தத் தெரிந்த ஒருவரும், தோட்டத்துப் பேச்சுவழக்கு அறிந்த ஒருவரும் சேர்ந்து போதல் நன்று. கொழுந்து மந்தமாகும் வறட்சி மாதங்களில், பிற்பகலிற் சென்றால் பேசுவதற்கு அவர்களுக்கு நேரமிருக்கும்.